பெனிக்னோவை யார் கூட்டிப்போவது?

கட்டிலுக்கே வந்து முத்திரை வைக்கும் நோட்டரி வக்கீல் நான். அன்று ஸ்டாம்ப் பேடைக் கைதவறிக் கவிழ்த்ததில், முதல் முத்திரை ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பில் விழுந்தது.

"பரவால்ல அட்டர்னி, வந்த வேலை முடிஞ்சிருச்சு," என்று சிரித்தார் எழுந்திருக்க முடியாத லியோனோரா. பக்கத்தில் டெலியா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பெனிக்னோவை இங்கேருந்து டெலியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் கைநாட்டு வச்சாத்தான் விடுவாங்களாம்."

"டெலியா உங்களுக்கு என்ன உறவு?"

"தலைவலி."

"நான் கஞ்சி ஊட்டுற ஆளு, அட்டர்னி," என்றாள் டெலியா.

"தங்கச்சியா?"

"இந்த மூக்கு எங்க வம்சத்துலயே கிடையாது," என்றார் லியோனோரா.

"விளையாடாதீங்க அக்கா! உறவு தெரியாம நான் முத்திரை வைக்க முடியாது. அந்த பெனிக்னோவே வந்து சொல்லட்டும்."

டெலியாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. லியோனோரா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை என்னிடம் நீட்டினார்.

"பெனிக்னோ என் புருஷன். இந்த நாட்டுச் சட்டத்துல விவாகரத்து ஏது? இருபது வருஷமா இவளோடதான் இருந்தார். காலையில போயிட்டார். கீழே பிணவறையில கிடக்கார். உடம்பைச் சட்டப்படி பொண்டாட்டிக்குத்தான் குடுப்பாங்களாம். நான் எங்கே எந்திரிச்சுப் போக? அவரோட வாழ்ந்தவ இவதான் அட்டர்னி, இவளே கூட்டிட்டுப் போகட்டும்."