பால் டின்னில் கோப்பி

"என்ன காணும் இது? மனுசர் குடிக்கிற சாமானோ?"

ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி கனகசபையின் கையில் இருந்தது காலிப் பால் டின். விளிம்பை மழுக்கி, ஈயப் பற்று வைத்து ஒரு தகரக் கைப்பிடி ஒட்டியிருந்தது. உள்ளே சுடச்சுடக் கோப்பி.

"ரப்பர் விலை விழுந்து கிடக்குதுங்களே ஐயா," என்றார் கோப்பிக்கடை கிரகோரி. "கிளாஸ் உடைஞ்சா புதுசு வாங்க முடியுமா? டின் உடையாது."

"நேற்றுவரைக்கும் இருந்த கிளாசுகள் எங்கை?"

"வித்துட்டேன்."

"கோப்பித்தூளையும் வித்துப்போட்டு வெறும் சுடுதண்ணியைத் தாருமன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரகோரி சிரிக்கவில்லை.

மலாயாவின் சிகாமட் ஊரில் அந்த வருஷம் எல்லாருமே கையை இறுக்கித்தான் செலவு செய்தார்கள். தோட்டங்களில் ஆளையே குறைத்தார்கள். அதற்காகக் காசு கொடுத்துக் குடிக்க வருகிறவனிடம் பால் டின்னை நீட்டுவதா? அதைக் கேவலம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கிரகோரி அதோடும் நிற்கவில்லை. கடையின் பின்கதவைப் பலகை வைத்து அடித்துவிட்டார். சாதியில் தாழ்ந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த தோட்டத்து ஆட்கள் அங்கேதான் நின்று, கொட்டாங்கச்சியில் கோப்பி வாங்கிக் குடிப்பார்கள். அந்தக் கடைத்தெரு முழுக்க அதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் மரம் சீவும் வெள்ளையம்மா கடையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, எங்களுக்கு இனிமே கோப்பி கிடையாதா? கதவையே அடிச்சிட்டீங்க!"

"கறையான் பிடிச்சிருக்கு. இப்படி முன்பக்கமா வா."

கனகசபை எழுந்தேவிட்டார். "இவையள் முன்வாசலாலையோ?"

"பின்னால நிக்கும்போது பலகை தலையில விழுந்தா யாருங்க பதில் சொல்றது? தச்சனைக் கூப்பிட இப்ப வசதி இல்லீங்க ஐயா."

"சரி, சிரட்டையிலை குடுத்து அனுப்பும்."

"அத்தனையும் அடுப்புல போட்டு எரிச்சிட்டேன். விறகு மிச்சமாச்சு."

"செத்தாலும் பெட்டிக்கு ஆணி வேண்டாம் எண்டு சொல்லுவீர் போலை!"

கிரகோரி கழுவிக் கவிழ்த்திருந்த டின்களில் ஒன்றை எடுத்துக் கோப்பி ஊற்றி வெள்ளையம்மாவிடம் நீட்டினார்.

அவளுக்கும் திருப்தி இல்லை. "தகரம் கையைச் சுடுது. கொட்டாங்கச்சியைக்கூட மிச்சம் பிடிக்கிற மனுசனை இங்கதான் பார்க்கிறேன்," என்று முணுமுணுத்தபடியே குடித்தாள்.

மதியம் கடை ஓய்ந்தது. தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கத்தரின், புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலஞ்சு கிராணிங்க எதிர்க்கடைக்குப் போயாச்சு. மிச்சப் பேரும் போயிட்டா பிள்ளைங்களுக்கு என்னத்தப் போடறது? உங்க கஞ்சத்தனத்தால கடையை இழுத்து மூடணுமா?"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? கைப்பிடி ஒட்டக் குடுத்த கூலியில புது கிளாஸே வாங்கியிருக்கலாம். கதவுல கறையானும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்ல கதவுல நீங்களே ஆணி அடிச்சதை நான் பார்த்தேன். இதுக்குப் பேரு சிக்கனமா?"

கிரகோரி தெருவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"வெள்ளையம்மாவை முன்னால கூப்பிட்டு கிளாஸ்ல குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒரு கிராணியும் கடைப்பக்கம் வந்திருக்க மாட்டாரு."

"இப்ப வர்றாங்கல்ல? கழுவி வச்ச டின்னுல எதுல யாரு குடிச்சாங்கன்னு எனக்கே தெரியாது. கனகசபை ஐயாவுக்கும் அவளுக்கும் ஒரே டின்னு, ஒரே வாசல். நான் நல்லது பண்றேன்னு தெரிஞ்சா ஒருத்தரும் விடமாட்டாங்க, கத்தரின். கஞ்சன்னு நினைச்சா, திட்டிட்டாவது குடிச்சிட்டுப் போறாங்க."

கத்தரின் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்போ நாளைக்குக் காலையில கிராணிங்க முன்னால நானும் உங்களைத் திட்டுறேன். பெண்டாட்டியே திட்டினாத்தான் நல்லா நம்புவாங்க."