ஊசி நிற்கும் இடம்

கடல்நாய்த் தோலில் காலணி தைக்கும்போது ஊசி தோலின் பாதிக் கனத்திலேயே நின்றுவிட வேண்டும். மறுபக்கம் துளைத்தால் அந்த வழியே தண்ணீர் ஏறும். அந்தப் பனிக்கடலில் நனைந்த காலோடு யாரும் வீடு திரும்பியதில்லை.

"உன் புருஷன் பனிப்பிளவுல விழுந்துட்டான், நௌயா. கைக்குக்கூட எட்டல," என்றார் டங்கன் மக்லீஷ். வடதுருவத்துக்கு வழி தேடி ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். நௌயாவின் கணவன் இட்டுக்தான் அவருக்கு வழிகாட்டி. சொன்ன கையோடு, பிய்ந்திருந்த காலணிகளைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நாளைக்கு மறுபடி கிளம்பணும். தச்சுக் குடு."

தோல் காலணி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். நௌயா தையலைத் தடவிப் பார்த்தாள். இட்டுக்குக்காக அவளே தைத்தது. பிளவில் விழுந்தவன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டா விழுந்தான்?

அவள் அழவில்லை. பழைய நரம்பு நூலைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்தாள். ஒவ்வொரு குத்திலும் ஊசி மறுபக்கம் வந்து அவள் விரலைத் தொட்டது.

புறப்படும்போது அவர் கேட்டார்: "தண்ணி ஏறாதே?"

"என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் ஏறினதில்லைங்க துரை."

சொல்லிவிட்டு மண்டியிட்டு, தன் கையாலேயே வார்களை இறுக்கினாள். விறைத்த விரல்களால் அவிழ்க்கவே முடியாத முடிச்சாகப் போட்டாள்.