கண்ணாடிப் பெட்டிக் கப்பல்

மகன் சபீர் வேலை பார்த்த சரக்குக் கப்பலை அச்சு அசலாக இரண்டு முழ நீளத்தில் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார் முஹம்மது ஷரீஃப். நிஜக் கப்பல் மூழ்கிய செய்தி வந்த அன்று, மாதிரியில் அவர் ஒட்டியிருந்த புளியங்கொட்டையளவு உயிர்காப்புப் படகைக் காணவில்லை. பெட்டி பூட்டியே இருந்தது.

"அவிய அதுல ஏறித் தப்பிட்டாவ மாமா. அது இங்க திரும்பி வராத வரைக்கும் அவிய உயிரோட இருக்காவ," என்றாள் மருமகள் ஜஸீனா. குளச்சல் ஊரே அழுதும் அவள் அழவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை பெட்டியைத் துடைக்கப் போனவர், படகு பழைய இடத்திலேயே ஒட்டியிருப்பதைக் கண்டார். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் கிடந்தது. பூட்டைத் திறந்து, தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

"படகு இன்னும் வரல்லல்லா மாமா?" அடுக்களையிலிருந்து ஜஸீனா ஆசையாகக் கேட்டாள்.

"வரல்ல மக்களே."

சாயாவோடு அவள் வரும் சத்தம் கேட்டது. அவர் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.