கலையாத கோடு

ஒலியால் ரத்த அணுக்களைப் பிரிக்கும் கருவி அது. சோதித்துப் பார்க்க வேறு ரத்தம் வாங்கிவரச் சோம்பல்பட்டு என்னுடையதையே ஊற்றினேன். காதுக்கு எட்டாத ஒலியில் அணுக்கள் ஒதுங்கி, கண்ணாடிக் குடுவையில் சின்னச் சிவப்புக் கோடாகத் திரண்டன. கருவியை அணைத்தால் கோடு கலைய வேண்டும். கலையவில்லை.

"ப்ளக்கையே பிடுங்கிட்டேன்க்கா" என்றேன், கூட வேலை பார்க்கும் அக்காவிடம்.

நான் கதவுப் பக்கம் போனால் கோடும் அந்தப் பக்கம் நகர்ந்தது. நின்றால் நின்றது.

"உன்னைப் பாத்தா எனக்கும் கை கால் ஓடல. வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்."

வீட்டு மாடிப்படியில் போன் வந்தது. அக்காதான்.

"படி ஏறுறியா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கோடு மேல ஏறுது. கொஞ்சம் நில்லு."

நின்றேன்.

"உன் கோடு நின்னுடுச்சு," என்றாள். "கீழேருந்து இன்னொண்ணு வருது. அது நிக்கல."