சோறு போடாதவள்

"இன்னா துலுக்கானம், மூணு நாளா உங்க நைனாவுக்கு உம் பொண்டாட்டி சோறே போடலியாமே! பெரியவரு சொல்லி அழுவுறாரு."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டது சேக்காடு முழுக்கக் கேட்டிருக்கும். துலுக்கானத்தின் மானம் கப்பலேறியது.

"சத்தியமா போட்டேன்யா. துன்ன கையோட மறந்துபூடறாரு" என்று அழுதாள் நாகவல்லி.

"அப்போ எங்க நைனா பொய் சொல்றாருன்றியா? கெளம்பு, உங்கம்மா ஊட்டுக்கு!"

கள்ளிக்குப்பத்துக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டான். ஸ்டவ்வைப் பம்ப் அடித்து, சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, பிசைந்து தன் கையாலேயே ஊட்டினான். பெரியவர் திருப்தியாக ஏப்பம் விட்டு வாசலுக்குப் போனார்.

துலுக்கானம் தட்டை எடுப்பதற்குள் அவர் குரல் கேட்டது.

"கன்னிம்மா, ஒரு வாய் சோறு குடும்மா. எம் புள்ள என்னைப் பட்டினி போட்டே சாவடிக்கிறான்."

எச்சில் தட்டோடு வாசலுக்கு ஓடினான். கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சத்தியமா போட்டேங்க்கா..." என்று ஆரம்பித்தான்.

நேற்று நாகவல்லியும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.