அப்பாவுக்கு எதுக்குக் கண்ணாடி?

"இன்னா அநியாயம்பா இது! கொழந்தை சும்மா உக்காந்துக்கினு இருக்குது, அப்பன்காரன் கேம் ஆடிக்கினு இருக்கான்!"

கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

உள்ளே மாணிக்கவேல். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருப்பவர். பாதி முகத்தை மறைக்கும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காற்றில் எதையோ பிடிக்கப் படாதபாடு பட்டார். பக்கத்து நாற்காலியில் அவர் மகள் ஜீவிதா காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள்.

விரல்கள் சரியாக வராத பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் அது. கண்ணாடியை மாட்டினால் எதிரே பூ, பழம், பட்டாம்பூச்சி எல்லாம் தெரியும். விரலை நீட்டி மடக்கிப் பிடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம், பயிற்சிக்குப் பயிற்சி. பிள்ளைகளுக்குத்தான், அப்பன்களுக்கு இல்லை!

"அம்மா, அவருக்கு உள்ள இன்னா தெரியுது?" மகன் குரு எட்டிப் பார்த்தான்.

"ம், என் தலையெழுத்து தெரியுது! நீ மொதல்ல கையை வெளிய எடு."

குருவுக்கு வலது கை பிறந்ததிலிருந்தே மூடினபடிதான். கொஞ்ச நாளாக அதை யார் கண்ணிலும் காட்டுவதில்லை. கால்சட்டைப் பைக்குள் ஒளித்துவிடுகிறான். இங்கே வந்தாலும் இடது கையால்தான் ஆட்டம். இப்படியே விட்டால் அந்தக் கை எதற்கும் உதவாமல் போய்விடும் என்று பயிற்சி கொடுக்கும் இளவரசி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ரேணுகாம்பாளுக்குத் தூக்கம் இல்லை, குருவுக்கு நிம்மதி இல்லை.

வீட்டில் பட்டு இழையை அறுத்து அவன் முன்னால் போடுவாள். "ரெண்டு முனையையும் முறுக்கி ஒட்டுடா. நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதுகூட வராதா? எல்லாம் திமிரு!"

இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டாள். பின்னாலேயே குருவும்.

"ஏம்மா இளவரசி, அந்தப் பொண்ணோட நேரத்தை இந்த ஆளு ஆடித் தீர்க்குறாரு. நீயும் பாத்துக்கினு நிக்கிறியே!"

இளவரசி சுவரில் இருந்த டிவியைக் காட்டினாள். மாணிக்கவேல் பார்ப்பதெல்லாம் அதிலும் தெரிந்தது.

ஒரு நூல். பக்கத்தில் பெரிய ஓட்டை போட்ட மணி. கோர்க்க வேண்டும், அவ்வளவுதான். தறிக்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஆனால் டிவியில் தெரிந்த கையில் கட்டைவிரல் உள்ளேயே மடங்கிக் கிடந்தது. மற்ற விரல்கள் நடுங்கின. நூல் நழுவியது. கை அதை எடுத்தது. மறுபடி நழுவியது.

"ஐயையோ, இவரு கைக்கு இன்னா ஆச்சு?"

"அவரு கைக்கு ஒண்ணுமில்லமா. அங்க தெரியறது ஜீவிதா கை. அவளுக்கு விரல் எப்படி வருமோ, கண்ணாடிக்குள்ள இவருக்கும் அப்படித்தான் வரும். மிஷின்ல அப்படி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வை. கண் சிவந்திருந்தது.

"இழை ஒட்ட வரலைன்னு இவளை அடிச்சுட்டேன்மா. எனக்குக் கண்ணை மூடிக்கினே வருது, இவளுக்கு மட்டும் ஏன் வரலைன்னு... திமிருன்னு நெனச்சேன்."

மகள் பக்கம் திரும்பினார். "இவ்ளோ கஷ்டமாடா கண்ணு?"

ஜீவிதா அவர் தோளில் தட்டிக் கொடுத்தாள். "மொத நாளைக்கு இது பரவால்லப்பா. பழகிடும்."

ரேணுகாம்பாள் குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

இளவரசி கண்ணாடியைத் துடைத்தாள். "அடுத்து குரு. வாடா தம்பி."

குரு பைக்குள்ளிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தான். மூடின விரல்களோடு இளவரசியிடம் நீட்டினான்.

"அக்கா, இந்தக் கையை எங்கம்மாவுக்கு மாட்டி விடுறீங்களா?"