தலைவர் எழுதித் தந்த பிரதி

"இவ்வளவு அன்பா எழுதிக் குடுத்த புத்தகம் எப்பிடி வாப்பா உங்கட கைக்கு வருது?" என்று மகள் நிஃப்லா ஏழு வயதில் ஒருமுறை கேட்டாள்.

அரசியல்வாதிகள் தம் வாழ்க்கைக் கதையை எழுதி, இன்னொரு அரசியல்வாதிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த நூல்களைத் தேடிச் சேர்ப்பவர் ஹயாத்து முகம்மது. அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

இன்று தில்லையடியில், காலமான முன்னாள் எம்.பி.யின் வீட்டு முன்னறையில் பெரிய பையுடன் உட்கார்ந்திருந்தார். எதிரே புத்தக அலுமாரி. எம்.பி.யின் மனைவி பளீலா டீச்சர் இத்தாவில் இருந்தார். கணவர் போய் நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை பிற ஆண்கள் முன் வரமாட்டார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"விருப்பமானத எடுங்க ஹயாத்து. கறையான் தின்ன முந்தி நீங்க தின்னுங்க."

"கறையானுக்குக் கையெழுத்துப் பார்க்கத் தெரியாது டீச்சர்."

"உங்களுக்குத் தெரியுமே, அதான் பயம். கட்சித் தலைவர்ட சரிதம் மட்டும் வேணாம். 'என் தம்பிக்கு' எண்டு அவர் கையால எழுதித் தந்தது. வெள்ளிக்கிழமை இத்தா முடியிது. வெளிய வந்ததும் முதல்ல அந்தப் பக்கத்தத்தான் பார்க்கணும்."

"ஓம் டீச்சர். அந்த எழுத்து உங்கட வீட்டிலதான் இருக்கும்."

கொழும்பில் அந்த ஒரு பக்கத்துக்கு என்ன விலை என்று ஹயாத்துக்குத் தெரியும்.

டீச்சரின் மகன் ஃபஸ்லான் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனான். திரை அசையவில்லை. ஹயாத்து எழுந்து அலுமாரியைத் திறந்தார். எந்த வேலையைத் தொடங்கும்போதும் சொல்லும் பிஸ்மியைச் சொல்ல வாயெடுத்தார். இந்த வேலைக்கா என்று கூசி நிறுத்திக்கொண்டார்.

பையிலிருந்து தலைவர் சரிதத்தின் இன்னொரு பிரதியை எடுத்தார். அதே சிவப்பு அட்டை. தட்டில் இருந்ததை உருவிப் பைக்குள் போட்டு, அந்த இடத்தில் இதைச் செருகினார்.

ஃபஸ்லான் வந்தபோது அவர் கதிரையில் இருந்தார்.

"என்ன நானா, ஒண்டும் எடுக்கல்லியா?" என்று மூத்த அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டான்.

"எடுத்தாச்சு தம்பி" என்று தேத்தண்ணியை நாக்குச் சுடக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சைக்கிளை மிதிக்கும்போது, முன்பு குடும்பத்தோடு தங்கியிருந்த அகதி முகாம் நினைவுக்கு வந்தது. அங்கே அவருடைய உம்மா மௌத்தான அன்று, உடலைப் போர்த்தும் கஃபன் துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர் பளீலா டீச்சர். டீச்சருக்கு அது ஞாபகமே இல்லை.

வீட்டில் பையைத் திறந்து, எடுத்து வந்த பிரதியை விரித்தார். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது.

தலைவரின் எழுத்து இருந்த பிரதியைக் கடைசிக் காலத்தில் மருந்துச் செலவுக்காக ஹயாத்திடமே விற்று, மனைவி அறியாமல் இந்த வெறும் பிரதியை அலுமாரியில் வைத்தவர் எம்.பி.யேதான்; அந்த விற்ற பிரதியைத்தான் ஹயாத்து இன்று அதன் பழைய இடத்தில் செருகிவிட்டு வந்திருந்தார்.